குமரி மாவட்டத்தில் குடும்பக் கட்டுமானப் பொருள் கடைகள் மூன்று தலைமுறையாக வளர்ந்தது எப்படி?

முதலீட்டால் என்று பலர் சொல்வார்கள். தக்கலைப் பக்கம் தாத்தா தொடங்கிய கடையில் வளர்ந்தவன் நான். கொத்தனார்களின் நம்பிக்கைதான் முதல் என்பேன்.

தாத்தாவுக்குக் கூரை ஓடும் சிப்பிச் சுண்ணாம்பும்தான் சரக்கு. சிமென்டுக்கு அன்று அரசு பெர்மிட் வேண்டும். 1982-இல் அந்தக் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது, 1989-இல் முழுவதும் நீங்கியது. வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறிய காலமும் அதுதான். அப்பா கம்பியும் சிமென்டும் இறக்கினார். சாமர்த்தியம் பாதி, காலம் பாதி என்று அவரே ஒப்புக்கொள்வார்.

சிமென்டில் லாபம் மிகக் குறைவு. 50 கிலோ மூட்டையைத் தரையில் வைத்தால் ஈரம் ஏறிக் கட்டிபட்டுவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் பலகைமேல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். அதனால்தான் எங்கள் தலைமுறை டைல்ஸ், குழாய், பெயின்ட் பக்கம் நகர்ந்தது.

கடைகளைக் கவிழ்ப்பது கடன் பற்று, அதாவது கடனுக்குக் கொடுத்த சரக்கின் வராத பாக்கி. 2017-இல் ஜிஎஸ்டி வந்து, தங்கை கணக்கைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் யார் எவ்வளவு தர வேண்டும் என்பது அப்பாவுக்கே தெரிந்தது.