டெக்ஸஸ் பள்ளி மாவட்டம் கடன்பத்திரம் வெளியிட்டால் என் சொத்து வரி உயருமா? அந்தப் பணத்தை ஆசிரியர் சம்பளத்துக்குத் தரக்கூடாதா?

கேள்வி கேட்டவர் டெக்ஸஸில் புதிதாக வீடு வாங்கியவர். பள்ளி மாவட்டத்தின் (அரசுப் பள்ளிகளை நடத்தி அதற்காக வரி விதிக்கும் உள்ளாட்சி அமைப்பு) பத்திரத் தேர்தலில், அதாவது கடன்பத்திரம் வெளியிட வாக்காளர் ஒப்புதல் கேட்கும் தேர்தலில், வாக்குச்சீட்டு ‘இது சொத்து வரி உயர்வு’ என்கிறது, மாவட்டமோ வரி விகிதம் உயராது என்கிறது, இரண்டில் எது உண்மை என்று கேட்டிருக்கிறார். வாங்கும் கடனை ஏன் ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை என்பதும், வயதான பெற்றோரின் வீட்டு வரி என்ன ஆகும் என்பதும் அவருடைய மற்ற இரண்டு கேள்விகள்.

நான் வழக்கறிஞன் அல்ல. டாலஸ் புறநகர் ஒன்றில் பல ஆண்டுகளாகச் சொத்து வரி கட்டுபவன். எங்கள் மாவட்டம் பத்திரத் தேர்தலுக்கு முன் அமைத்த பொதுமக்கள் குழுவில் ஓராண்டு இருந்தவன்.

டெக்ஸஸில் பள்ளி வரி ஒரே வரியாகத் தோன்றினாலும் சட்டப்படி அது இரண்டு வரிகள். ஒன்று, சம்பளம், மின்கட்டணம், அன்றாடச் செலவு ஆகியவற்றுக்கான ‘எம் அண்ட் ஓ’ என்கிற பராமரிப்பு, இயக்க வரி. மற்றொன்று, கடனையும் வட்டியையும் அடைப்பதற்கென்றே வசூலிக்கும் ‘ஐ அண்ட் எஸ்’ வரி. கல்விச் சட்டம் பத்திரப் பணத்தைப் பள்ளிக் கட்டடம், அதற்கான நிலம், தளவாடங்கள், புதிய பேருந்துகள் போன்றவற்றுக்கே அனுமதிக்கிறது. சம்பளம் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் குழுவின் மூன்றாவது கூட்டத்தில் ஓர் ஆசிரியை எழுந்து, “கூரை மாற்றப் பணம் இருக்கிறது, என் வகுப்பு உதவியாளரை வைத்துக்கொள்ளப் பணம் இல்லையா?” என்று கேட்டார். சட்டம் இடம் தராது என்று நிதி அலுவலர் சொன்ன விடை சரியானதுதான். ஆனாலும் அந்த ஆசிரியை உட்கார்ந்த பிறகு அறையில் யாரும் வெகுநேரம் பேசவில்லை.

நாம் ‘கடன்’ என்று சொல்வதும் சட்டம் ‘கடன்’ என்று சொல்வதும் ஒன்றல்ல. வரிச் சட்டத்தின் வரையறைப்படி, சொத்து வரியிலிருந்து மட்டுமே செலுத்த வேண்டியதாகவும், ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் தவணைகளாக அடைக்கப்படுவதாகவும், இயக்க நிதியில் ஒதுக்கீடு செய்யப்படாததாகவும், சொத்து வரியையே ஈடாகக் கொண்டதாகவும் இருப்பதே கடன். இதில் ஒரு நிபந்தனை விடுபட்டாலும் பெயர் மாறிவிடும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் மாவட்டம் வெளியிடக்கூடிய பராமரிப்பு வரி நோட்டுகள் என்ற கடன் ஆவணங்கள் இயக்க வரியிலிருந்து அடைக்கப்படுகின்றன. அவற்றுக்கு வாக்காளர் ஒப்புதல் தேவையில்லை. வட்டியோடு திருப்பித் தர வேண்டிய பணம்தான் அதுவும், ஆனால் மேற்கண்ட வரையறைக்குள் வராது. ஆகவே மாவட்டத்தின் மொத்தச் சுமையை அறிய விரும்புபவர் பத்திரக் கணக்கோடு நின்றுவிடாமல், ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் நீண்டகாலப் பொறுப்புகள் என்ற பகுதியையும் பார்க்க வேண்டும்.

இனி அந்த வாக்குச்சீட்டு வாசகம். 2019இல் நிறைவேறிய சட்டம் பள்ளிப் பத்திரத் தேர்தல் ஒவ்வொன்றிலும் அந்த வாக்கியம் இடம்பெற வேண்டும் என்று விதித்தது. விகிதம் உண்மையில் ஏறுகிறதா என்பதை அது பார்ப்பதில்லை. அதற்காக அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. விலக்குகள் போக உங்கள் வீட்டின் வரிக்குரிய மதிப்பு 4,00,000 டாலர், கடன் வரி 100 டாலருக்கு 35 சென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆண்டுக்கு 1,400 டாலர் கட்டுகிறீர்கள். பழைய பத்திரங்கள் அடைந்து, ஊரில் புது வீடுகளும் பெருகினால், அந்த விகிதம் 30 சென்ட்டாக இறங்கியிருக்கலாம். புதிய பத்திரம் அதை 35 சென்ட்டிலேயே நிறுத்திவைத்தால், விகிதம் உயரவில்லை என்று மாவட்டம் சொல்வது மெய். குறைந்திருக்க வேண்டிய 200 டாலரை நீங்கள் தொடர்ந்து கட்டுவதும் மெய். அதோடு, வாக்குச்சீட்டில் காணும் தொகை அசல் மட்டுமே. மதிப்பிடப்பட்ட வட்டியும் இரண்டும் சேர்ந்த தொகையும் மாவட்டம் தனியாக வெளியிட வேண்டிய வாக்காளர் தகவல் ஆவணத்தில் இருக்கும். அதை முதலில் படியுங்கள்.

‘50 சென்ட் சோதனை’ என்ற பெயரும் உங்கள் காதில் விழும். புதிய பத்திரத்தை வெளியிடுமுன், அதையும் பழைய கடனையும் 100 டாலருக்கு 50 சென்ட்டுக்கு மிகாத வரியால் அடைக்க முடியும் என்று மாவட்டம் மாநிலத் தலைமை வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். இதை வரிக்கான உச்சவரம்பு என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். வெளியிடும் நாளன்று தேற வேண்டிய சோதனைதான் இது. பின்னாளில் சொத்து மதிப்பு சரிந்து, கடனை அடைக்க 50 சென்ட்டுக்கு மேல் தேவைப்பட்டால், அப்படி வரி விதிப்பதை இந்தச் சோதனை தடுக்காது.

என்னை உறுத்துவது வேறொன்று. சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் என்ற ஏழை மாவட்டம் தொடுத்த வழக்கில், 1989இல் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பள்ளி நிதி முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக 1993இல், சொத்து வளம் மிக்க மாவட்டங்களிடமிருந்து மிகுதி வருவாயை எடுத்துப் பகிரும் முறை வந்தது. ‘ராபின் ஹூட்’ என்று மக்கள் சொல்வது அதைத்தான். அந்தப் பகிர்வு இயக்க வரிக்கு மட்டுமே பொருந்தும். கடன் வரியில் வசூலாகும் ஒவ்வொரு சென்ட்டும் உள்ளூரிலேயே தங்கும். வளமான ஊர் சில சென்ட்டுகளில் பெரிய கட்டடங்களை எழுப்பிவிடுகிறது; சொத்து மதிப்பு குறைந்த ஊர் அதே கட்டடத்துக்கு 50 சென்ட்டை நெருங்கிவிடுகிறது. ஏழை மாவட்டங்களின் கடன் சுமைக்கு மாநில உதவித் திட்டங்கள் இருந்தாலும், இந்த இடைவெளியைச் சட்டமன்றம் இன்னும் நேராக எதிர்கொள்ளவில்லை என்பதே என் கருத்து.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை எளிது. 65 வயது நிறைந்தவர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு உரிய விலக்கைப் பெற்றிருந்தால், அவருடைய பள்ளி வரித் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. புதிய பத்திரம் அதை உயர்த்தாது. வீட்டில் கூடுதலாக ஏதேனும் கட்டினால்தான் மாறும். அந்த விலக்குக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதை மட்டும் உங்கள் கவுன்ட்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.