வண்ண மீன் கேள்வி பதில்: குஞ்சு ஏன் நிற்பதில்லை?

(இந்த இதழில் பதில் சொல்பவர் சென்னை கொளத்தூரில், மாமியாரோடு சேர்ந்து மொட்டை மாடித் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்து விற்பவர்.)

கேள்வி: கப்பி குட்டி போட்ட மறுநாள் தொட்டியில் ஒன்றைக்கூடக் காணோம். தாயே தின்றுவிடுமா? பிரீடிங் பாக்ஸ் வாங்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

தின்றுவிடும் அம்மா. வாய்க்குள் போகிற அளவில் எது அசைந்தாலும் மீனுக்கு அது இரைதான். பெற்ற பிள்ளை என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

பிரீடிங் பாக்ஸை நான் யாருக்கும் சொல்வதில்லை. உள்ளங்கை அளவு இடத்தில் சினை மீனை அடைத்தால் அது மிரண்டுபோய் முட்டி மோதும். அதைவிட ஒரு பிளாஸ்டிக் டப்பில் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ஜாவா மாஸ் என்கிற தொட்டிப் பாசியை நன்றாக அடர்த்தியாகப் போட்டு வையுங்கள். கப்பிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 21 முதல் 30 நாள். வயிறு பெட்டிபோல் சதுரமாகி, ஆசனவாய் அருகே உள்ள கரும்புள்ளி பெரிதானதும் தாயை அந்த டப்புக்கு மாற்றுங்கள். குட்டி போட்டு முடித்ததும் தாயைப் பழைய தொட்டிக்கே எடுத்துவிடுங்கள். குட்டிகள் பாசிக்குள் பதுங்கிக்கொள்ளும்.

கேள்வி: அவித்த முட்டை மஞ்சள் கரு கரைத்து ஊற்றுகிறேன். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் குஞ்சுகள் செத்து மிதக்கின்றன. என்ன மருந்து போடலாம்?
– வாசகர், ஈரோடு

மருந்து வேண்டாம் சார். பெரும்பாலும் குஞ்சு சாவது நோயால் இல்லை; பசியாலும் கெட்ட தண்ணீராலும்தான். மஞ்சள் கரு இந்த இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவரும். தின்றது போக மிச்சம் அடியில் படிந்து அழுகும், அம்மோனியா ஏறும், குஞ்சு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த நேரத்தில் மருந்தையும் ஊற்றினால் இருக்கிறதும் போய்விடும்.

குஞ்சுக்கு உயிருள்ள இரைதான் வேண்டும். வீட்டில் செய்ய எளிது ஆர்டீமியா, அதாவது உப்புத் தண்ணீரில் வாழும் இறால் மாதிரியான ஒரு பொடி உயிர். கடையில் அதன் முட்டை டப்பாவில் கிடைக்கும், பார்க்கக் காப்பித்தூள் மாதிரி இருக்கும். ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலின் அடியை அறுத்துத் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, அரை டீஸ்பூன் முட்டை. ஏர் மோட்டார் குழாயை அடிவரை விட்டு, தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ விடுங்கள். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். நம் ஊர்ச் சூட்டுக்கு 24 மணி நேரத்தில் பொரிக்க ஆரம்பிக்கும். குளிர்காலத்தில் 36 மணி நேரம்கூட ஆகும்.

அப்புறம் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். காலி ஓடு மேலே மிதக்கும். கீழ்ப்பக்கம் டார்ச் அடித்தால் பொரித்த ஆர்டீமியா ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகத் துடித்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி வந்து கூடும். அதை மெல்லிய குழாயால் உறிஞ்சி வடிகட்ட வேண்டும். எங்கள் மாமியார் இதற்கென்றே பழைய வேட்டித் துணி வைத்திருக்கிறார். கடை வலையைவிட அதில் நன்றாக நிற்கிறது. உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். பொரித்ததும் கொடுத்துவிட வேண்டும், நேரம் போகப் போக அதன் சத்துக் குறையும். தின்ற குஞ்சின் வயிறு கண்ணாடிபோல் தெரியுமல்லவா, அது ஆரஞ்சு உருண்டையாக இருந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

தண்ணீரை ஒன்றுவிட்டு ஒரு நாள் கால்வாசி மாற்றுங்கள். உறிஞ்சும் குழாயின் முனையில் துணி கட்டாவிட்டால் குஞ்சும் சேர்ந்து போய்விடும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும். ‘சுத்தமாச்சே’ என்று கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கப்பி, மோலிக்கு அது ஆகாது. கொஞ்சம் உப்புச் சத்துள்ள போர் தண்ணீரில்தான் அவை தெம்பாக வளரும். ஃபில்டர் என்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் போதும். மற்றவை குஞ்சை இழுத்துவிடும்.

கேள்வி: ஆண் கப்பியே இல்லாத தொட்டியில் பெண் மறுபடி குட்டி போட்டிருக்கிறது. எப்படி?
– வாசகி, தஞ்சாவூர்

ஒரு முறை சேர்ந்தால், ஆணின் விந்தைப் பெண் மாதக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைத்திருக்கும். இன்னும் சில தடவைகூடக் குட்டி போடலாம்.

கேள்வி: ஃபைட்டர் மீன் நுரைக்கூடு கட்டியிருக்கிறது. முட்டையும் தெரிகிறது. இனி என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், காரைக்குடி

முதலில் பெண்ணை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆண் அதைக் கடித்தே கொன்றுவிடும். கீழே விழுகிற முட்டையைப் பொறுக்கி நுரையில் வைப்பதெல்லாம் ஆண்தான். ஒன்றிரண்டு நாளில் பொரித்து, குஞ்சுகள் வால் கீழாகத் தொங்கும். மேலும் இரண்டு மூன்று நாளில் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும். அன்றைக்கு ஆணையும் எடுத்துவிடுங்கள்.

இந்தக் குஞ்சுக்கு ஆர்டீமியாகூட முதலில் பெரிசு. அதனால் ஜோடி சேர்க்கும்போதே இன்ஃபுசோரியா என்கிற நுண்ணுயிர் இரையைத் தயார் பண்ண வேண்டும். அகலமான பாட்டிலில் பழைய தொட்டித் தண்ணீர், ஒரு துண்டு வாழைப்பழத் தோல், வாயில் மெல்லிய துணி. முதலில் கலங்கி நாறும். நாலைந்து நாளில் தெளிந்து, வெளிச்சத்தில் பார்த்தால் தூசி நகர்வதுபோல் இருக்கும். அதில் சில சொட்டு விட்டால் போதும். ஒரு வாரத்துக்குப் பின் ஆர்டீமியாவுக்கு மாறலாம்.

தொட்டியை மூடியே வையுங்கள். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற உறுப்பு இந்த மீனுக்குச் சில வாரம் கழித்துத்தான் உருவாகும். அந்தச் சமயத்தில் தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும்.

கேள்வி: குட்டிகள் நிறைய ஆகிவிட்டன. எங்கள் ஊர் ஏரியில் விடலாமா அக்கா?
– பள்ளி மாணவர், செங்கல்பட்டு

வேண்டாம் தம்பி. கொசுப்புழுவைத் தின்னும் என்று சுகாதாரத் துறை கப்பியைக் கிணற்றிலும் தொட்டியிலும் விடுவது உண்டு. ஆனால் நாமாக ஏரியில் விட்டால் அங்கே இருக்கிற நாட்டு மீனுக்குத்தான் கேடு. தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கிய சக்கர் மீனை இப்படி விட்டுவிட்டுத்தான் இன்றைக்குப் பல ஏரிகளில் வலை போடுகிறவர்கள் திண்டாடுகிறார்கள்.

ஆண், பெண்ணைத் தனித்தனித் தொட்டியில் பிரித்து வை, எண்ணிக்கை கட்டுக்குள் வரும். இருப்பதைக் கூட்டாளிகளுக்குக் கொடு, இல்லை மீன் கடையில் கேட்டுப் பார். கொண்டு போவதற்கு முதல் நாள் இரை போடாதே, கவரில் தண்ணீர் கெடாமல் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று இருக்கட்டும்.