குறுக்கெழுத்து பாதியிலேயே நின்றுவிடுகிறதா?

கேள்வி: தினமும் காலையில் நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைப் போடுகிறேன். பாதிக்கு மேல் நகர்வதில்லை. மறுநாள் விடை வந்ததும் மீதிக் கட்டங்களை நிரப்பிவிடுகிறேன். ஆனால் அதே சொல் அடுத்த மாதம் வந்தால் மறுபடியும் தெரிவதில்லை. விடைக்கான வழியைக் குறிப்புக்குள்ளேயே ஒளித்துவைக்கும் சங்கேதப் புதிர் என்றால் விடையைப் பார்த்தாலும் விளங்குவதில்லை. ‘சிவா திரும்பினான், படி (2)’ என்ற குறிப்புக்கு ‘வாசி’ என்று விடை போட்டிருந்தார்கள். எப்படி?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் ‘வாசி’யை முடித்துவிடுவோம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் விடையின் எழுத்து எண்ணிக்கை. சி, வா என்ற இரண்டு எழுத்தையும் திருப்பிப் போட்டால் வாசி. ‘படி’ என்பது விடையின் நேர்ப்பொருள். புத்தகத்தைப் படி என்கிறோமே, அந்தப் படி. நீங்கள் மாடிப்படியையோ அரிசி அளக்கும் படியையோ நினைத்திருப்பீர்கள். அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகவே புதிர் போடுபவர் அந்தச் சொல்லைப் பிடிக்கிறார்.

இனி உங்கள் பெரிய சிக்கல். விடையைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பும்போது மனதில் பதிவது விடைச்சொல் மட்டும்தான். அடுத்த மாதம் உங்கள் கண் முன்னால் வரப்போவது விடை அல்ல, குறிப்பு. ‘வேழம் என்றால் என்ன?’ என்று கேட்டால் உடனே யானை என்பீர்கள். ‘யானை (3)’ என்று கேட்டால் திகைக்கிறீர்கள். ஆகவே நோட்டுப் புத்தகத்தில் விடையைத் தலைப்பாக எழுதாதீர்கள். குறிப்பில் வந்த சொல்லைத் தலைப்பாக்குங்கள். யானைக்கு ஒரு பக்கம். அதில் எழுத்து எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்ளுங்கள்: இரண்டில் கரி, மூன்றில் வேழம், களிறு, கயம், தும்பி, அத்தி, நான்கில் வாரணம், ஐந்தில் குஞ்சரம். ஒற்றுக்கும் தனிக் கட்டம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். குஞ்சரம் என்பது கு, ஞ், ச, ர, ம். ‘பெண் யானை’ என்று குறிப்பு வந்தால் பிடி. அரசன், கடல், மலை, தாமரை, மேகம், அம்பு ஆகியவற்றுக்கும் இப்படி ஒவ்வொரு பக்கம் ஒதுக்குங்கள். புதிர் போடுபவர்கள் திரும்பத் திரும்ப வருவது இந்த இடங்களுக்குத்தான்.

மறுநாள் விடை வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடாதீர்கள். ஒரு காகிதத்தால் மூடிவைத்து, காலியாக இருக்கும் சொற்களில் அதிகச் சொற்களை வெட்டிச் செல்லும் ஒன்றை மட்டும் திறந்து நிரப்புங்கள். பிறகு மூடிவிட்டுக் கால் மணி நேரம் முயலுங்கள். ஆங்கிலத்தில் 26 எழுத்து, தமிழில் 247. அதனால் நமக்குக் கிடைக்கும் ஒரு வெட்டெழுத்து, அதாவது குறுக்கே வெட்டும் சொல் தரும் எழுத்து, அவ்வளவு வாய்ப்புகளைக் கழித்துவிடுகிறது. ஒரு சொல் திறந்தால் மூன்று சொல் தானாக விழுவது சகஜம். அதற்கு மேலும் நின்றால் இன்னொன்றைத் திறக்கலாம். புதிரை நிரப்பத் தொடங்கும் முன்பே செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து அதே கட்டத்தைக் காலியாகப் போட்டுப் பாருங்கள். எது பதிந்தது, எது பதியவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஒரு குறிப்பையும் அவிழ்க்காமலே கட்டத்திலிருந்து தெரிந்துகொள்ளக்கூடியவையும் நிறைய உண்டு. பள்ளியில் படித்த எழுத்திலக்கணம் இங்கே நேரடியாக உதவும். உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வரும். மெய்யெழுத்து முதலில் வராது. ட, ண, ற, ன, ழ, ள வரிசைகளில் தமிழ்ச்சொல் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் ஆகியவற்றில் முடியாது. ங் வந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை. ஞ் வந்தால் பெரும்பாலும் ச வரிசை. ந் வந்தால் பெரும்பாலும் த வரிசை. டம்ளர், டிக்கெட் போன்ற இரவல் சொற்களுக்கு மட்டும் இந்த விதிகள் பொருந்தாது.

இதை அந்த ‘யானை (3)’யிலேயே பார்ப்போம். மூன்றாவது கட்டத்தில் கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேழம், கயம் இரண்டும் அடிபடும், ம் சொல்லைத் தொடங்காது. களிறும் அடிபடும், ‘று’வும் தொடங்காது. மிஞ்சுவது தும்பி, அத்தி. முதல் கட்டம் வேறொரு கீழ்நோக்கிய சொல்லின் நடுவில் இருந்தால் அத்தியும் போய்விடும், ‘அ’ நடுவில் வராது. எனவே தும்பியைப் பென்சிலால் லேசாக எழுதலாம். லேசாகத்தான், தந்தி, கைம்மா என்றும் யானைக்குப் பெயர் உண்டு, அவையும் இந்தக் கட்டத்தில் உட்காரும். வெட்டும் சொல் ஒன்று உறுதியான பிறகு அழுத்தி எழுதுங்கள். முதலில் தோன்றிய சொல்லைப் பேனாவால் எழுதிவிட்டு அதை நம்பியே மற்றவற்றைத் தேடுவதுதான் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம். ஒரு மூலை முழுவதும் அசையவில்லை என்றால் அங்கே ஏற்கெனவே எழுதியதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நாளிதழ்ப் புதிர்களில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றும் சொற்கள் வரும். அவற்றின் தொடக்கக் கட்டத்தில் சின்ன அம்புக்குறி போட்டுவிடுங்கள். மேலே சொன்ன முதல், இறுதி விதிகள் அந்தத் திசைப்படிதான் செல்லும். ‘கலைந்துள்ளது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டால் கட்டத்தில் எழுத்துகள் இடம் மாறி இருக்கும், அந்தச் சொற்களுக்கு அவை செல்லாது.

சங்கேதப் புதிரில் ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாகம் உண்டு: விடையின் பொருள் ஒன்று, விடையைக் கட்டும் வழி இன்னொன்று. பொருள் பெரும்பாலும் முதலிலோ கடைசியிலோதான் இருக்கும், நடுவில் ஒளியாது. ‘கொடு மான், குளத்தில் மலரும் (3)’ என்பதைப் பாருங்கள். கொடு என்றால் தா, மரை என்பது மானில் ஒரு வகை, தாமரை. ‘வந்த வளையலுக்குள் மழை வந்தால் கத்துவது (3)’ என்பதில் விடை எழுத்து மாறாமல் உள்ளேயே இருக்கிறது: வந்‘த வளை’யல். ‘உள்’, ‘இடையே’, ‘கொஞ்சம்’ என்று வந்தால் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ‘காரம் பல கலந்து தீபாவளிக்குச் சுட்டது (5)’ என்றால், ‘கலந்து’ என்பதுதான் எழுத்துகளை மாற்றிப் போடச் சொல்லும் சாடை, விடை பலகாரம். கலந்து, குழம்பி, சிதறி, ஆடி என்று எது வந்தாலும் பக்கத்துச் சொற்களின் எழுத்துகளை எண்ணி, அடைப்புக்குறி எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வாக்கியத்தின் கதையை மட்டும் நம்பாதீர்கள்.

ஆகவே விடை வந்ததும் ‘ஏன் இந்தச் சொல்?’ என்று ஒவ்வொரு எழுத்துக்கும் காரணம் சொல்லிப் பாருங்கள். ஓர் எழுத்துக்குக் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் குறிப்பு இன்னும் புரியவில்லை. தவறியது எதனால் என்பதையும் ஓரத்தில் எழுதுங்கள். ஒன்று, சொல்லே தெரியாது. இரண்டு, சொல் தெரியும், இந்தப் பொருள் தெரியாது. மூன்று, இரண்டும் தெரியும், வழி பிடிபடவில்லை. மூன்றாவது வகைக்கு அகராதி உதவாது, அதே மாதிரிக் குறிப்புகளைத்தான் இன்னும் போட வேண்டும். முதல் இரண்டுக்கும் நல்ல துணை உண்டு. செய்யுளில் அமைந்த பழைய அகராதியான சூடாமணி நிகண்டின் முதல் பத்துத் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருகின்றன, விலங்குகள் மூன்றாவதில். பதினொன்றாவது தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது. வாரணம் யானையா, கோழியா, சங்கா, கடலா என்று குழம்பும்போது அங்கே போகலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பொருள் விளக்கத்துக்குள்ளும் தேடலாம். ஆங்கிலத்தில் ‘எலிஃபண்ட்’ என்று தேடினால் யானையைக் குறிக்கும் சொற்கள் வரிசையாக வரும். உங்கள் நோட்டில் யானைப் பக்கத்தை அங்கிருந்தே தொடங்குங்கள்.