இருள்நிலவின் படையல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மான்செஸ்டரில் வசிக்கிறேன். அப்பா இறந்தபின் தோழி ஒருத்தி மூலம், நிலவை வணங்கி மந்திரச் சடங்குகள் செய்யும் விக்கா வழிபாட்டுக் குழு ஒன்றில் சேர்ந்தேன். வளர்பிறையில் வேண்டியதைக் கேட்க வேண்டும், முழுநிலவில் அது நிறையும், தேய்பிறையில் வேண்டாததை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். நிலவில்லாத இரவில் மட்டும் எதுவும் செய்யாதே என்கிறார்கள். அமாவாசையில் மூத்தோருக்குப் படைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு இது விந்தையாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படித்தான் என்கிறது என் செல்பேசிச் செயலி. அப்பாவின் துயரை எந்தப் பிறையில் விடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சில வாரங்களாக நிலவற்ற இரவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பழமை பற்றிய பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். சூனியம் செய்வதாகச் சொல்வதைக் குற்றமாக்கிய சட்டம் பிரிட்டனில் 1951ல் நீக்கப்பட்டபின், ஆங்கிலேயரான ஜெரால்டு கார்ட்னர் 1954ல் வெளியிட்ட நூலே விக்காவைப் பரவலாக அறியச் செய்தது. கன்னி, தாய், கிழவி என நிலவுக்கு மூன்று முகங்கள் என்ற கருத்து, கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948ல் எழுதிய நூலின் வழியே வேரூன்றியது. புதிய வழிபாடு என்பதால் அது பொய்யான வழிபாடு ஆகிவிடாது. ஆகவே அந்தச் செயலி இல்லாத வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

எனக்குக் கோபம் வருவது, நிலவை ஏவலாளாக்கிவிட்டதைப் பார்த்துத்தான். இத்தனை நாள் கேள், இத்தனை நாள் கழித்துவிடு என்று பட்டியல் போட்டு, நம் விருப்பங்களைச் சுமந்து செல்லும் வேலையை அதற்குக் கொடுத்திருக்கிறோம். இருபத்தொன்பதரை நாள் சுற்றில் நம்மிடம் அது ஏதாவது கேட்கிறதா என்று ஒருவரும் யோசிப்பதில்லை. நீங்களும் யோசிக்கவில்லை; துயரை எங்கே கொட்டுவது என்று மட்டும் கேட்கிறீர்கள்.

பண்டைய ஏதென்ஸில் மாதம் முடிந்து நிலவு மறையும் வேளையில், ஹெகாதே தேவிக்கு முச்சந்தியில் உணவு வைத்தார்கள். பேய்களோடும் இறந்தவர்களோடும் இரவில் உலவுபவள் அவள். கிமு 388ல் அரங்கேறிய, நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸின் நாடகம் ஒன்றில் வறுமையே ஒரு பாத்திரமாக வந்து வாதிடுகிறாள். அப்போது அவளுக்குச் சொல்லப்படும் மறுமொழி இது: செல்வர்கள் மாதந்தோறும் உணவு அனுப்புகிறார்கள், ஏழைகள் அதைக் கீழே வைக்குமுன்பே பறித்துக்கொள்கிறார்கள், செல்வம் நல்லதா பசி நல்லதா என்று ஹெகாதேயையே கேள். சிரிப்புக்காகச் சொல்லப்பட்ட அந்த வரியை என்னால் சிரித்துக் கடக்க முடிந்ததில்லை. தேவிக்கென்று வைத்தது பசித்தவன் வயிற்றுக்குப் போயிருக்கிறது, அடுத்த மாதமும் வைத்திருக்கிறார்கள். மறுநாள் மேற்கே மெல்லிய கீற்று தெரிந்தால் புதுமாதம். அங்கே இருண்ட இரவுதான் கொடுக்கும் இரவு. உங்கள் குழு அதைச் சும்மா இருக்கும் இரவாக்கிவிட்டது.

லீட்ஸில் நான் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். நெடுங்காலமாக விக்கா வழியில் நின்றவர், ஆனால் இருள்நிலவில் மட்டும் கிரேக்கர்களைப் பின்பற்றினார். ரொட்டி, முட்டை, பூண்டு வைத்த தட்டோடு தோட்டத்து வாயிலுக்கு வருவார். அந்த ஊரில் பாதி இரவுகள் மேகம்தான். முழுநிலவே கண்ணில் படாத மாதங்கள் உண்டு. நிலவில்லாத இரவுக்கு மேகம் ஒரு பொருட்டா என்பார். காலையில் தட்டு காலியாக இருக்கும், ஈர மண்ணில் நரியின் கால்தடம் கிடக்கும். அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

எஸ், உங்கள் அப்பாவை விட்டுவிடச் சொல்ல இவர்கள் யார்? வேண்டாதவற்றின் பட்டியலில் அவரை ஏன் எழுதினீர்கள்? கடிதத்தில் அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது.

அந்த மூதாட்டியின் கணவர் ஒரு நவம்பரில் இறந்தார். அடக்கம் முடிந்து பத்து நாளில் நிலவு மறைந்தது. அன்று அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மழைக்கோட்டு அணிந்து வந்தார். தட்டில் வழக்கத்தைவிட ஒரு ரொட்டி கூடுதலாக இருந்தது, அதில் வெண்ணெய் தடவியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு, "அவர் வெறும் ரொட்டி சாப்பிட மாட்டார்" என்றார்.