ரைவல் வேறு, எனிமி வேறு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சண்டை, போட்டி, பகை, இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே போடுவது என்று குழப்பம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடலூரில் மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், வருடா வருடம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: சார், ரைவல், காம்பெடிட்டர், ஆப்போனன்ட், எனிமி, நாலுக்கும் அகராதியில் எதிரி, போட்டியாளர் என்றே மாறி மாறிப் போட்டிருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

தம்பி, அகராதியைக் கொஞ்சம் மூடி வையுங்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், சொல் தானாக வரும். செஸ் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் ஆப்போனன்ட், ஆட்டம் முடிந்தால் அதுவும் முடிந்தது. நூறு மீட்டர் ஓட்டத்தில் எதிரே யாரும் இல்லை, எட்டுப் பேரும் ஒரே கோட்டைப் பார்த்து ஓடுகிறார்கள், அவர்கள் காம்பெடிட்டர்ஸ். நீங்கள் எழுதப்போகும் குரூப் 4 தேர்விலும் அப்படித்தான், பக்கத்து பெஞ்சுக்காரர் பெயர்கூடத் தெரியாது. எனிமி என்றால் நமக்குக் கெடுதல் நினைப்பவர். 'நண்பன் அல்லாதவன்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ரைவல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லத்தீனில் ரீவுஸ் என்றால் ஓடை, ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கு ரீவாலிஸ் என்று பெயர். வாய்க்கால் பாசன ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன? முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும்போது ராத்திரியில் யாரோ மடையைத் திறந்துவிட்டால் காலையில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நம் பங்காளியும் இதே கதைதான். பங்கு உள்ளவன் என்பதுதான் பொருள், ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டாலே சண்டைதான் ஞாபகம் வருகிறது. ஆகவே ஒரே பொருளுக்கு ஆசைப்பட்டு, ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்து, பல நாளாக முட்டிக்கொண்டிருப்பவர்கள் ரைவல்ஸ். ஒரே தெருவில் இருபது வருடமாக எதிரெதிரே நடக்கும் இரண்டு டீக்கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குள் பகை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முத்தியால்பேட்டையிலிருந்து: மகள் பிரெஞ்சு படிக்கிறாள். கோங்க்யுரான்ஸ் என்றால் போட்டி என்கிறாள். ஆங்கிலத்தில் கன்கரன்ஸ் என்றால் சம்மதம்தானே?

இரண்டு பேரும் சரி, அக்கா. எழுத்தும் ஒன்றேதான். இரண்டுக்கும் மூலம் 'சேர்ந்து ஓடுவது' என்ற லத்தீன் சொல். சேர்ந்து ஓடுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் பந்தயமாகப் பார்த்தார்கள், ஆங்கிலத்தில் அது ஒத்துப்போவதாக ஆகிவிட்டது. பிரெஞ்சில் போட்டித் தேர்வுக்குக் கோங்கூர் என்று பெயர் இருப்பதும் இதனால்தான். ஆங்கிலத்தில் கன்கரன்ட் என்றால் ஒரே நேரத்தில் என்று பொருள், தண்டனையை 'ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று செய்தியில் படிக்கிறோமே, அது. இரண்டு மொழியும் படிக்கும் புதுச்சேரிப் பிள்ளைகள் இந்த ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: வார், பேட்டில், சீஜ், வித்தியாசம் என்ன?

உங்கள் ஊர்க் கோட்டையை வைத்தே சொல்லலாம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1756 முதல் 1763 வரை மோதியது மூன்றாம் கர்நாடகப் போர், அது வார். அதற்குள் 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஒரே நாளில் முடிந்தது பேட்டில். அதன் பிறகு புதுச்சேரியைச் சுற்றி வளைத்து, உள்ளே சோறு போகாமல் மாதக்கணக்கில் அடைத்து, 1761 ஜனவரியில் சரணடைய வைத்தார்களே, அது சீஜ். உங்கள் செயின்ட் டேவிட் கோட்டையையும் 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இப்படி முற்றுகையிட்டுத்தான் பிடித்தார்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: கன்டெஸ்ட் இன் தி எலெக்‌ஷன் சரியா?

'இன்' வேண்டாம். கன்டெஸ்ட் தி எலெக்‌ஷன், அவ்வளவுதான். வினையாக வரும்போது அழுத்தம் பின்பாதியில், கன்டெஸ்ட். பெயராக வந்தால் முன்பாதியில், கான்டெஸ்ட்.

பாகூரிலிருந்து: ஃபைட் வித் மை பிரதர் என்றால் அண்ணனை எதிர்த்தா, அண்ணனோடு சேர்ந்தா?

இரண்டும் வரும். நம் 'அண்ணனோடு' மாதிரியேதான். எதிர்த்து என்று தெளிவாக வேண்டுமானால் அகெய்ன்ஸ்ட் போடுங்கள். வாய்ச்சண்டை மட்டும்தான் என்றால் குவாரல் பொருந்தும்.

பண்ருட்டியிலிருந்து: பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு. ஆங்கிலத்தில் மனு எழுதவேண்டி இருக்கிறது. ஃபைட் என்று போடலாமா?

வேண்டாம் ஐயா, தயவுசெய்து போடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்து, யார் யாரை அடித்தார்கள், காயம் உண்டா என்று விசாரணை வேறு பக்கம் போய்விட்டது, நில விஷயத்துக்குத் திரும்பி வரவே பல மாதம் ஆனது. ஃபைட்டில் கை நீளும் என்ற எண்ணம் இருக்கிறது. டிஸ்ப்யூட் என்றால் ஒரு பொருளைப் பற்றி இரண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை, தீர்த்து வையுங்கள் என்று அர்த்தம். ஃப்யூட் என்ற சொல்லும் வேண்டாம், அது பேரன் காலம் வரை பேச்சுவார்த்தை இல்லாமல் போகிற குடும்பப் பகைக்கு. மனுவில் பவுண்டரி டிஸ்ப்யூட் என்று எழுதி, பக்கத்திலேயே சர்வே எண்ணையும் உட்பிரிவையும் போட்டுவிடுங்கள்.