ஆங்கிலச் சொல்லும் எழுத்தும் பொருளும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கடினமான ஆங்கிலச் சொற்களை எழுத்துப் பிழையின்றி எழுதுவதையும் அவற்றின் பொருளை நினைவில் வைப்பதையும் பற்றியவை. ஆகவே பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், தவறாக எழுதிய சொற்களை இருபது முறை இம்போசிஷன் எழுதுகிறாள். ஆனாலும் செபரேட், டெஃபனிட், கிராமர் போன்ற சொற்களில் அதே தவறு அடுத்த வாரமும் வருகிறது. இது கவனக்குறைவா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்று சொற்களிலும் குழந்தைகள் தடுமாறும் இடம் ஒரே வகையானது. செபரேட் என்பதன் நடு உயிரும், டெஃபனிட், கிராமர் ஆகியவற்றின் கடைசி உயிரும் அழுத்தம் பெறாத அசைகளில் வருகின்றன. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத அசையின் உயிர், எழுத்தில் ஏ ஆக இருந்தாலும் இ ஆக இருந்தாலும் ஓ ஆக இருந்தாலும், பேச்சில் தேய்ந்து ஏறக்குறைய ஒரே மாதிரியான மங்கிய ஒலியாகிவிடுகிறது. காதுக்கு எட்டாத ஓர் எழுத்தை இருபது முறை எழுதினால் கை வலிக்குமே தவிர, அந்த இடத்தில் ஏன் அந்த எழுத்து வருகிறது என்பது மனத்தில் பதியாது.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. எந்த உயிர் தேய்ந்து ஒலிக்கிறதோ, அது தெளிவாக ஒலிக்கும் உறவுச் சொல் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். கிராமரின் கடைசி உயிர் ஏயா, இயா என்று ஐயம் வந்தால் கிரமேட்டிக்கல் என்று சொல்லிப் பார்க்கட்டும். ஏ தெளிவாகக் காதில் விழும். டெஃபனிட் என்பதற்கு டெஃபனிஷன் இருக்கிறது. அதில் அழுத்தம் ‘னி’ மீது விழுவதால், அங்கே வருவது ஏ அன்று, ஐ என்பது தெரிந்துவிடும். செபரேட் என்னும் சொல்லும், ஆயத்தப்படுத்துதலைக் குறிக்கும் பிரிப்பேர் என்னும் சொல்லும் ‘பராரே’ என்ற ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. பிரிப்பேர் என்பதில் தெளிவாக ஒலிக்கும் ஏதான் செபரேட்டின் நடுவிலும் நிற்கிறது. சிமிலர் – சிமிலாரிட்டி, எடிட்டர் – எடிட்டோரியல், மெடிசின் – மெடிசினல் என்று இந்த வரிசையை நீட்டிக்கொண்டே போகலாம்.

ஒலிக்காத மெய்களுக்கும் இதே வழி உதவுகிறது. கையெழுத்திடுவதைக் குறிக்கும் சைன் என்பதில் மறைந்திருக்கும் ஜி, சிக்னேச்சரில் ஒலிக்கிறது. மசில் என்பதில் கேட்காத சி, மஸ்குலரில் கேட்கிறது. கண்டெம் என்பதன் கடைசியில் மௌனமாக நிற்கும் என், கண்டெம்னேஷனில் வாய் திறக்கிறது. ஆங்கில எழுத்துமுறை பல இடங்களில் ஒலியைக் காட்டிலும் உறவையே காப்பாற்றுகிறது என்பதை மகள் உணர்ந்துவிட்டால், எழுத்தையும் பொருளையும் இரண்டு பாடங்களாகப் படிக்கும் சுமை அவளுக்குக் குறையும். நாமும் கரி, கறி என்பவற்றை ஒலியை மட்டும் நம்பி எழுதுவதில்லை. அடுப்பில் எரிவது எது, இலையில் பரிமாறுவது எது என்று பொருளோடு சேர்த்தே கற்றோம்.

இந்த வழி கைகொடுக்காத சொற்களும் உண்டு என்பதை அவளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். புரனவுன்ஸ் என்பதில் இருக்கும் ஓ-யு, புரனன்சியேஷனில் வெறும் யு ஆகிவிடுகிறது. மெயின்டெய்னின் ஏ-ஐ, மெயின்டனன்ஸில் இ ஆகிவிடுகிறது. நான்கைக் குறிக்கும் ஃபோரில் உள்ள யு, நாற்பதைக் குறிக்கும் ஃபார்ட்டியில் இல்லை. இத்தகைய சொற்களுக்கு மட்டும் தனிப்பட்டியல் வைத்து மனப்பாடம் செய்யட்டும். அந்தப் பட்டியல் நாம் அஞ்சும் அளவுக்கு நீளாது.

கேள்வி: உச்சரிக்காத எழுத்துகளை ஆங்கிலேயர் ஏன் எழுதுகிறார்கள்? ஒலிக்கிறபடியே எழுதினால் உலகம் முழுவதும் மாணவர்களுக்கு நிம்மதியாக இருக்குமே?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: ஒரு காலத்தில் அவர்கள் ஏறக்குறைய ஒலிக்கிறபடியேதான் எழுதினார்கள். முழங்காலைக் குறிக்கும் நீ என்பதிலும் வீரனைக் குறிக்கும் நைட் என்பதிலும் முதலில் நிற்கும் கே, பழங்காலத்தில் உண்மையாகவே ஒலித்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவியதற்குப் பின், அச்சுக்கோப்பவர்களின் பழக்கத்தால் எழுத்து மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. ஆனால் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெட்டுயிர்களின் ஒலிப்பு பெரிதாக மாறிக்கொண்டே இருந்தது. எழுத்து நின்றுவிட, ஒலி நடந்துகொண்டே போனதால் ஏற்பட்ட இடைவெளியைத்தான் இன்றைய மாணவர்கள் சுமக்கிறார்கள். சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755இல் வெளிவந்தபோது பெரும்பாலான சொற்களின் வடிவம் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. அந்த அகராதி அதை மேலும் உறுதிப்படுத்தியது. அமெரிக்காவின் நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதியில் கலர் போன்ற சொற்களிலிருந்து யு-வை நீக்கினார். அதற்கு மேல் பெரிய மாற்றங்களை அங்கும் மக்கள் ஏற்கவில்லை.

வேறொரு வகையும் உண்டு. கடனைக் குறிக்கும் டெட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் பி கிடையாது. லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்காலத்தில் அதைச் சேர்த்தார்கள். ரிசீட் என்பதில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்தும் அவ்வாறே லத்தீனை நினைவூட்டுவதற்காக வந்து நிலைத்தது. வங்கியில் பணியாற்றிய தங்களுக்கு இவை எளிதாக விளங்கும். டெட்டில் மறைந்திருக்கும் பி, டெபிட் கார்டில் ஒலிக்கிறது. ரிசீட்டில் மறைந்திருப்பது ரிசப்ஷனில் ஒலிக்கிறது. இந்தச் சேர்க்கைகளில் பிழையானதும் உண்டு. தீவைக் குறிக்கும் ஐலண்ட் பழைய ஆங்கிலச் சொல். லத்தீனோடு உறவில்லாத அதற்கும், ஐல் என்ற மற்றொரு சொல்லின் சாயலைப் பார்த்து எஸ் ஒன்றைச் செருகிவிட்டார்கள்.

ஒலிக்கிறபடி எழுதலாம் என்றால், யார் ஒலிக்கிறபடி என்ற கேள்வி எழும். லண்டன், சிகாகோ, சிட்னி, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலும் ஒரே சொல் நான்கு விதமாக ஒலிக்கிறது. எழுத்து ஒன்றாக இருப்பதால்தான் நால்வரும் ஒரே புத்தகத்தைப் படிக்க முடிகிறது.

கேள்வி: ‘ஐ முன்னே, இ பின்னே, சி-க்குப் பிறகு மட்டும் மாறி வரும்’ என்ற விதியை நம்பலாமா?
– பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

பதில்: ‘ஈ’ என்று நீண்டு ஒலிக்கும் இடங்களில் மட்டும் பெரும்பாலும் நம்பலாம். பிலீவ், ஃபீல்டு ஆகியவற்றில் ஐ முன்னே. ரிசீவ், சீலிங் ஆகியவற்றில் சி-க்குப் பிறகு இ முன்னே. புரோட்டீன், கஃபீன், பற்றிப் பிடித்தலைக் குறிக்கும் சீஸ் ஆகியவை விலக்குகள். ஹைட், சயின்ஸ், நெய்பர் போன்று ‘ஈ’ ஒலி இல்லாத சொற்களில் இந்த விதியைப் பொருத்திப் பார்க்கவே வேண்டாம்.

கேள்வி: எஸ்.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறேன். நாளொன்றுக்கு ஐம்பது சொற்கள் வீதம் தமிழ்ப் பொருளோடு மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் மறந்துவிடுகிறது. நினைவில் இருக்கும் சொற்களும் தேர்வில் ஒன்றோடொன்று குழம்புகின்றன.
– பட்டதாரி இளைஞர், திருநெல்வேலி

பதில்: முதலில் மறதியைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, அதன் முடிவுகளை 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற சில மணி நேரத்திலேயே மறதி மிக வேகமாக நிகழ்கிறது, பிறகு அதன் வேகம் குறைகிறது என்பதை அவர் காட்டினார். பொருளும் தொடர்பும் இல்லாத ஐம்பது சொற்களை ஒரே நாளில் அடுக்கும்போது, நீங்கள் அவருடைய அசைகளைப் போன்ற ஒன்றைத்தான் மனத்தில் ஏற்றுகிறீர்கள். ஐம்பதைப் பத்தாக்குங்கள். மிச்சமாகும் நேரத்தைப் பழைய சொற்களுக்குக் கொடுங்கள்.

பழைய சொற்களைத் திரும்பப் பார்க்கும் முறையும் மாற வேண்டும். பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிப்பது, தெரிந்துவிட்டது போன்ற ஓர் உணர்வைத் தரும். அந்த உணர்வு நம்பத்தக்கதன்று. ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில், படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே அட்டையின் ஒரு பக்கத்தில் சொல்லையும் மறுபக்கத்தில் பொருளையும் எழுதுங்கள். பொருளைப் பார்த்துச் சொல்லை எழுத்துப் பிழையின்றி எழுத முயலுங்கள். சரியாக எழுதிய அட்டையை மூன்று நாள் கழித்தும், பிறகு ஒரு வாரம் கழித்தும், பிறகு ஒரு மாதம் கழித்தும் எடுங்கள். தவறிய அட்டையை மறுநாளே எடுங்கள். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறையின் சாரம் இதுதான்.

அடுத்து, குழப்பம். அலீவியேட், மிட்டிகேட், அமீலியரேட் ஆகிய மூன்றுக்கும் உங்கள் பட்டியலில் ‘தணித்தல்’ என்றே பொருள் எழுதியிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஒரே தமிழ்ச் சொல்லை மூன்றுக்கும் எதிரே எழுதினால் மனம் அவற்றை எப்படிப் பிரித்தறியும்? அலீவியேட்டின் வேரான ‘லெவிஸ்’ என்பதற்கு இலேசானது என்று பொருள். மேலே தூக்கிச் செல்லும் எலிவேட்டரும் அதன் உறவுதான். எனவே வலி, வறுமை போன்ற சுமைகளை இலேசாக்குவது அலீவியேட். மிட்டிகேட்டின் வேரான ‘மிட்டிஸ்’ என்பதற்கு மென்மையானது என்று பொருள். வரவிருக்கும் பாதிப்பின் கடுமையைக் குறைப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள், பருவநிலை மாற்றத்தைப் பற்றிய அறிக்கைகளில் அது அடிக்கடி வருவதும் அதனால்தான். அமீலியரேட்டில் இருக்கும் ‘மெலியர்’ என்பதற்கு மேலும் நல்லது என்று பொருள். மோசமான நிலைமையை மேம்படுத்துவதை அது குறிக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ‘எதை?’ என்ற கேள்விக்கு விடையாக ஒரு பெயர்ச்சொல்லையும் சேர்த்து எழுதிவைத்தால், ‘தணித்தல்’ என்ற ஒரே பெட்டிக்குள் மூன்றும் முட்டிக்கொள்ளமாட்டா.

எந்தச் சொற்களை முதலில் படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வங்காளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உள்ளன. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட கல்வித்துறைச் சொற்பட்டியல், 570 சொற்குடும்பங்களைக் கொண்டது. இவை இரண்டிலும் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொண்ட பிறகே அரிய சொற்களின் பக்கம் போவது நல்லது.

கேள்வி: அமெரிக்காவில் வளரும் என் பேரன் ஸ்பெல்லிங் பீ போட்டிக்குத் தயாராகிறான். யாரும் பயன்படுத்தாத சொற்களை மனப்பாடம் செய்வதால் என்ன பயன்?
– ஒரு தாத்தா, கோயம்புத்தூர்

பதில்: ஐயா, அந்தப் போட்டி மனப்பாடத்தால் மட்டும் வெல்லக்கூடியதன்று. தேசிய அளவிலான அந்தப் போட்டி 1925இல் தொடங்கியது. மேடையில் நிற்கும் சிறுவனுக்குச் சொல்லின் பொருள், அது பிறந்த மொழி, அதன் இலக்கண வகை ஆகியவற்றைக் கேட்கவும், அச்சொல் அமைந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கவும் உரிமை உண்டு. கேட்டதும் அவன் மனம் துப்பறியத் தொடங்குகிறது. கிரேக்கம் என்றால் ‘ஃப’ ஒலிக்குப் பி-எச், ‘க’ ஒலிக்குச் சி-எச், நடுவில் ஒய் என்று எதிர்பார்க்கலாம். பிரெஞ்சு என்றால் ‘ஷ’ ஒலிக்குச் சி-எச், ‘ஓ’ என்று முடிந்தால் இ-ஏ-யு என்று எதிர்பார்க்கலாம். இந்திய வம்சாவளியில் முதன்முதலாக 1985இல் வென்ற பாலு நடராஜன் எழுத்துக்கூட்டிய ‘மில்யூ’ பிரெஞ்சுச் சொல். 1999இல் நூபுர் லாலா வென்ற ‘லாகோரியா’ கிரேக்கச் சொல். ‘லோகோஸ்’ என்றால் சொல், பிற்பகுதிக்குப் பெருக்கு என்று பொருள், ஆகவே கட்டுக்கடங்காத பேச்சு. டயரியாவிலும் அதே பிற்பகுதிதான் என்பதை அறிந்தவனுக்கு இரண்டு ஆர், பிறகு எச் என்பது தானாக வரும். 2013 முதல் பொருளறிவுக் கேள்விகளையும் போட்டியில் சேர்த்திருக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்த மாற்றம்.

கட்டமரான், முல்லிகடானி, கொரண்டம் ஆகிய சொற்களைப் பேரனிடம் கேட்டுப் பாருங்கள். கட்டுமரம், மிளகுத்தண்ணீர், குருந்தம் என்று அவற்றின் பிறப்பை எடுத்துச் சொல்லத் தங்களைவிடப் பொருத்தமானவர் அந்த வீட்டில் இருக்கமாட்டார்.

கேள்வி: கைபேசியே பிழையைத் திருத்திவிடும்போது எழுத்துக்கூட்டக் கற்பது தேவைதானா?
– கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: தேவைதான். ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் சொற்களில் எது உங்களுக்கு வேண்டியது என்பதைக் கருவி எப்போதும் சரியாக ஊகிப்பதில்லை. எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரியும் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் ஸ்டேஷனரியும் தனித்தனிச் சொற்கள். எழுதுபொருள் விற்பவர் ஸ்டேஷனர். அவர் பெயரின் ஈற்றில் வரும் இ-ஆர் அவர் விற்கும் பொருளிலும் தொடர்கிறது. மற்றதில் அந்த இடத்தில் ஏ வரும்.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். சொல்வதெழுதல் என்றாலே பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். எப்படி நடத்தலாம்?
– ஓர் ஆசிரியை, அறந்தாங்கி

பதில்: பத்துச் சொற்களுக்குப் பதிலாக நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முதலில் தனியாகவும், பிறகு பிள்ளைகளுக்குப் புரியும் வாக்கியத்தில் வைத்தும், மீண்டும் தனியாகவும் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் அடுத்தவர் நோட்டை மாற்றித் திருத்தும் பழக்கத்தை விட்டுவிட்டு, கரும்பலகையைப் பார்த்து அவரவரே தம்முடையதைத் திருத்தட்டும். பிழையாக எழுதிய எழுத்தை மட்டும் வட்டமிடட்டும். எட்டு எழுத்துள்ள சொல்லில் ஏழு எழுத்துகளைத் தான் சரியாகவே எழுதியிருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அச்சம் பாதியாகக் குறையும். வட்டமிட்ட எழுத்துக்குப் பக்கத்தில், அது தெளிவாக ஒலிக்கும் உறவுச் சொல் ஒன்று உண்டா என்று வகுப்பையே கேளுங்கள். கிடைத்தால் எழுதட்டும், கிடைக்காவிட்டால் அந்தச் சொல்லை மறுவாரமும் கொடுங்கள். மதிப்பெண்ணை இந்தப் பயிற்சியிலிருந்து முழுவதுமாக நீக்கிவிடுங்கள்.