ஸ்டூடியோ கன்வெர்ட்டரை வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஒலி உடைவது ஏன்?

ஸ்டூடியோவுக்கான டிஜிட்டல்-அனலாக் கன்வெர்ட்டரை (டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கான மின் சிக்னலாக மாற்றும் கருவி) வீட்டு ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததும் ஒலி உடைகிறது, நடுநடுவே 'டிக் டிக்' சத்தமும் வருகிறது, கருவி பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பழுதாக இருக்காது. இவை இரண்டும் தனித்தனிப் பிரச்சினைகள்.

முதலில் உடைவது. வீட்டு சிடி பிளேயர் முழு அளவில் சுமார் 2 வோல்ட் தரும். ஸ்டூடியோ கன்வெர்ட்டர்கள் சில +24 டிபியூ (ஸ்டூடியோ கருவிகளில் சிக்னல் அளவைச் சொல்லும் அலகு), அதாவது 12 வோல்ட்டுக்கு மேல் தருபவை. வீட்டு ஆம்ப்ளிஃபயரின் உள்ளீடு அதைத் தாங்காது. கணினியில் வால்யூமைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். ஏதோ ஒரு அப்டேட்டில் அது முழு அளவுக்குத் தாவினால் ஸ்பீக்கர் போய்விடும். கன்வெர்ட்டரின் பின்பக்கம் ட்ரிம் திருகாகவோ (அளவைச் சரிசெய்யும் சிறு திருகு), உள்ளே ஜம்பராகவோ (இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு), மெனுவிலோ வெளியீட்டு அளவை மாற்ற வழி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கேதான் இறக்க வேண்டும். எக்ஸ்எல்ஆரிலிருந்து (ஸ்டூடியோ கருவிகளின் மூன்று பின் இணைப்பு) ஆர்சிஏவுக்கு (வீட்டுக் கருவிகளின் நடுமுனையும் வெளிக்கூடும் கொண்ட இணைப்பு) வயர் போடும்போது 2-ஆம் பின் நடுமுனைக்கு, 1-ஆம் பின் வெளிக்கூட்டுக்கு. 3-ஆம் பின்னை 1-உடன் சேர்ப்பதா, சும்மா விடுவதா என்பது வெளியீட்டுச் சுற்றைப் பொறுத்தது. கையேட்டைப் பார்க்காமல் சேர்க்க வேண்டாம், சில கருவிகளுக்கு அது கேடு.

அப்புறம் அந்த 'டிக் டிக்'. இது அநேகமாக கிளாக் (டிஜிட்டல் ஒலி ஓடும் வேகத்தைத் தீர்மானிக்கும் துடிப்பு) விவகாரம். ஏஇஎஸ் அல்லது கோஆக்சியல் (இரண்டும் டிஜிட்டல் ஒலி இணைப்புகள்) வழியாக சிக்னல் வந்தால், கன்வெர்ட்டர் அந்த சிக்னலின் கிளாக்கைப் பின்பற்ற வேண்டும். 'இன்டர்னல்' (தன் சொந்த கிளாக்) என்று விட்டால் இரண்டும் தனித்தனி வேகத்தில் ஓடி, சாம்பிள்கள் (ஒலியின் சிறு டிஜிட்டல் துண்டுகள்) விடுபடும், அதுதான் அந்தச் சத்தம். யூஎஸ்பி என்றால் பெரும்பாலும் இன்டர்னல்தான் சரி.